பாட்டிலுக்கு ஒரு அளவு, குழாய்க்கு ஒரு அளவு: குடிநீரைக் காப்பது எந்தக் கரி?

புது தில்லி: நாடாளுமன்ற உணவகத்தில் இருந்து பெப்சி, கோகோ கோலா பானங்கள் 2003 ஆகஸ்ட் முதல் வாரத்தில் அகற்றப்பட்டன. சந்தையில் விற்கப்படும் 12 வகைக் குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக, தில்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சி.எஸ்.இ.) ஆகஸ்ட் 5-ம் தேதி அறிவித்ததே இதற்குக் காரணம். உறுப்பினர்களின் கொந்தளிப்பைத் தொடர்ந்து ஆகஸ்ட் 22-ம் தேதி சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. போஃபர்ஸ் பீரங்கி பேரம், ஹர்ஷத் மேத்தா ஊழல், 2001-ம் ஆண்டின் பங்குச் சந்தை முறைகேடு ஆகிய மூன்றுக்கு மட்டுமே அதுவரை கூட்டுக் குழு அமைக்கப்பட்டிருந்தது. பீரங்கிக்கும் பங்குச் சந்தைக்கும் அடுத்தபடியாக அந்தப் பெருமை குளிர்பானத்துக்குக் கிடைத்தது.

குளிர்பானத்தில் பெரும்பகுதி தண்ணீர். பூச்சிமருந்தும் தண்ணீர் வழியாகவே வந்திருக்க வேண்டும் என்பதே அப்போது முன்வைக்கப்பட்ட வாதம். அதே மையம் ஆறு மாதங்களுக்கு முன்பே, 2003 பிப்ரவரி 4-ம் தேதி, தில்லியிலும் மும்பையிலும் விற்கப்பட்ட பாட்டில் குடிநீரில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய மருந்துகளின் எச்சங்கள் இருப்பதாக அறிவித்திருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2004 பிப்ரவரி 4-ம் தேதி, கூட்டுக் குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்பட்டது. குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக மையம் கூறியது சரியே என்பது குழுவின் முடிவு.

பாட்டில் குடிநீர் விவகாரத்தால் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை, பாட்டில் குடிநீரில் பூச்சிமருந்து 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' இருக்க வேண்டும் என்றே விதி கூறியது. கருவி எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு நீர் சுத்தம் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். 2004 ஜனவரி 1 முதல் இது மாறியது. எந்த ஒரு பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோ கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லா மருந்துகளும் சேர்ந்து 0.5 மைக்ரோ கிராமைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய நாடுகளின் அளவு இது. இன்று வரை பாட்டில் குடிநீருக்கு இந்த அளவே நீடிக்கிறது.

குழாய் நீரின் கணக்கு வேறு: குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. 2012-ம் ஆண்டில் திருத்தப்பட்ட இந்த ஆவணத்தில் பூச்சிமருந்துகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதன்படி குழாய் நீரில் மாலத்தியான் லிட்டருக்கு 190 மைக்ரோ கிராம் வரை இருக்கலாம். குளோர்பைரிபாஸ் 30, லிண்டேன் 2, டி.டி.டி. 1 மைக்ரோ கிராம். பாட்டில் நீருக்கான அளவோடு ஒப்பிட்டால் மாலத்தியானில் 1,900 மடங்கு, குளோர்பைரிபாஸில் 300 மடங்கு, லிண்டேனில் 20 மடங்கு, டி.டி.டி.யில் 10 மடங்கு தாராளம். ஆல்டிரின், டயல்டிரின் போன்ற சிலவற்றுக்கு மட்டும் குழாய் நீரின் அளவு பாட்டில் அளவைவிடக் கடுமையாக இருப்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மருந்தின் நச்சுத் தன்மையையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, வாழ்நாள் முழுவதும் குடித்தாலும் கேடு வராத அளவை நிர்ணயிப்பது ஒரு முறை. குடிநீரில் பூச்சிமருந்துக்கு இடமே இல்லை என்று கருதி, எல்லா மருந்துக்கும் ஒரே சிறு அளவை விதிப்பது மற்றொரு முறை. குழாய்க்கு முதல் முறையையும் பாட்டிலுக்கு இரண்டாவது முறையையும் இந்தியா வைத்துக்கொண்டது. ஐரோப்பாவிலோ 1980-ம் ஆண்டின் குடிநீர் உத்தரவு முதலே 0.1 மைக்ரோ கிராம் என்பது வீட்டுக் குழாய்க்கும் பொருந்தும். போதாக்குறைக்கு, ஐ.எஸ். 10500 நகராட்சிகளைச் சட்டப்படி கட்டாயப்படுத்துவதும் இல்லை. 2019 நவம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சராக இருந்த ராம் விலாஸ் பாஸ்வான், நாட்டின் பெருநகரக் குழாய் நீர் பற்றிய பரிசோதனை முடிவுகளை வெளியிட்டபோது, மும்பை முதலிடத்தில் நின்றது. தில்லியில் எடுக்கப்பட்ட 11 மாதிரிகளும் தேறவில்லை. ஜன்பத் சாலையில் இருந்த அமைச்சரின் இல்லத்து நீரும் அந்த 11-ல் அடக்கம். தில்லி அரசு அந்த முடிவை ஏற்க மறுத்தது. தர நிர்ணயத்தைக் கட்டாயமாக்கும் பேச்சு அப்போது எழுந்து, பேச்சாகவே நின்றது.

நகராட்சிக் குழாய் தராத உறுதியை வீட்டுச் சுவரில் மாட்டிய கருவி தரும் என்று நடுத்தரக் குடும்பங்கள் நம்பத் தொடங்கியது இந்த இடைவெளியில்தான். அந்தக் கருவி எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் அதற்குள் தவறாமல் இருக்கும் பொருள் ஒன்று உண்டு. ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது கிளர்வூட்டிய கரி. மணல் வடிகட்டியாலும் படிகாரத்தாலும் குளோரினாலும் அகற்ற முடியாத பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவற்றை இது பிடித்து வைக்கும். ஆனால், எந்தக் கரி, எவ்வளவு கரி, எத்தனை நாளைக்கு என்ற மூன்று கேள்விகளுக்கு விளம்பரத்திலும் பதில் இல்லை. பெரும்பாலான பெட்டிகளின் மேலும் பதில் இல்லை.

ஒரு கிராமில் நான்கரை கிரவுண்டு: அடுப்புக் கரியும் கிளர்வூட்டிய கரியும் ஒரே குடும்பம். தேங்காய்த் தொட்டி, நிலக்கரி, மரம் என எதையும் காற்றுப் புகாமல் சுட்டால் கரி கிடைக்கும். அந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவிக்கு உட்படுத்தும்போது உள்ளே எண்ணிலடங்காத துளைகள் உண்டாகின்றன. அந்தத் துளைகளின் சுவர்கள் அனைத்தையும் விரித்துப் பரப்பினால் ஒரு கிராம் கரிக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். தமிழக மனைக் கணக்கில் நான்கரை கிரவுண்டு. நீரில் கரைந்த கரிமப் பொருள்கள் இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. கரி நீரைச் 'சலிப்பது' இல்லை, ஒட்ட வைத்துக்கொள்கிறது. ஒட்டுவதற்கு இடம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது.

துளைகள் எல்லாம் ஒரே அளவு அல்ல. 2 நானோ மீட்டருக்குக் குறைவானவை நுண்துளைகள். 2 முதல் 50 வரை இடைத்துளைகள். அதற்கு மேல் பெருந்துளைகள். ஒரு நானோ மீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கரியை எதில் இருந்து செய்தார்கள் என்பதைப் பொருத்து இந்த மூன்றின் விகிதம் மாறும். கரிகளை ஒப்பிடுவது என்றால் முதலில் இதைத்தான் ஒப்பிட வேண்டும்.

தேங்காய்த் தொட்டிக் கரியில் நுண்துளைகளே மிகுதி. சாம்பல் குறைவு, கடினம் அதிகம், நீரோட்டத்தில் எளிதில் பொடியாவதில்லை. குளோரின், குளோரினால் உண்டாகும் குளோரோஃபார்ம், பெட்ரோல் சார்ந்த ஆவியாகும் பொருள்கள் போன்ற சிறு மூலக்கூறுகளைப் பிடிப்பதில் இதற்கு நிகர் குறைவு. வீட்டுக் கருவிகளில் இது பெரிதும் பயன்படுவது இதனால்தான்.

பிட்டுமினஸ் நிலக்கரியில் இருந்து செய்யும் கரியில் நுண்துளைகளோடு இடைத்துளைகளும் கணிசமாக உண்டு. ஆற்று நீர், ஏரி நீர் ஆகியவற்றில் மக்கிய இலைதழைகளின் சாறு கலந்திருக்கும். இந்த இயற்கைக் கரிமப் பொருளின் மூலக்கூறுகள் பெரியவை. நுண்துளைகளின் வாயில் இவை அடைத்துக்கொண்டால் பூச்சிமருந்து உள்ளே நுழைய வழியில்லை. நெடுஞ்சாலையும் குறுஞ்சந்தும் சேர்ந்த ஊரில் போக்குவரத்து தடைபடாதது போல, இடைத்துளைகள் உள்ள கரியில் மருந்தின் மூலக்கூறு நுண்துளையைச் சென்றடைய வழி கிடைக்கிறது. எனவே ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலைகளில் மேலை நாடுகள் நிலக்கரிக் கரியைப் பெரிதும் விரும்புகின்றன. கரிமப் பொருள் குறைந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்குத் தொட்டிக் கரியே போதும். பல வேளைகளில் அதுவே மேல்.

மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, குறைந்த வெப்பத்தில் செய்யும் மரக் கரியில் பெரிய துளைகள் அதிகம். சர்க்கரைப் பாகின் நிறத்தைப் போக்க இது சிறந்தது. குடிநீர் ஆலைகளில் மண் வாடை, பாசி நாற்றம் போன்ற பருவகாலத் தொல்லைகளின்போது பொடியாக நீரில் தூவ இது உதவும்.

சந்தையில் ஒரு கரியின் தரத்தைச் சொல்ல 'அயோடின் எண்' என்ற ஒன்றை வியாபாரிகள் குறிப்பிடுகிறார்கள். ஒரு கிராம் கரி எத்தனை மில்லி கிராம் அயோடினை ஈர்க்கும் என்பது இந்த எண். 900 முதல் 1,100 வரை இருந்தால் நல்ல கரி என்று கருதப்படுகிறது. அயோடின் மிகச் சிறிய மூலக்கூறு. நுண்துளைகள் எவ்வளவு உண்டு என்பதை அது சொல்லும். பூச்சிமருந்தோ சாயமோ எவ்வளவு பிடிபடும் என்பதைச் சொல்லாது. இதற்கு மெத்திலீன் நீலச் சோதனை போன்ற வேறு அளவீடுகள் இருக்கின்றன. குருணைக் கரிக்கு ஐ.எஸ். 2752, பொடிக் கரிக்கு ஐ.எஸ். 8366 என இந்தியத் தர நிர்ணயங்களும் உள்ளன. ஆனால் இந்த எண்களில் ஏதேனும் ஒன்றைப் பெட்டியின் மீது அச்சிட்ட வீட்டுக் கருவியைக் கடைகளில் காண்பது அரிது.

பத்து நிமிடமும் அரை நிமிடமும்: கரியின் வகைக்கு அடுத்தபடி முக்கியமானது நேரம். நகரச் சுத்திகரிப்பு ஆலைகளில் குருணைக் கரிப் படுகையில் நீர் பொதுவாகப் 10 முதல் 20 நிமிடங்கள் தங்குமாறு வடிவமைக்கிறார்கள். ஒரு லிட்டர் கரி கொண்ட வீட்டுக் குப்பியில் நிமிடத்துக்கு 2 லிட்டர் நீர் பாய்ந்தால் தங்கும் நேரம் அரை நிமிடம். குளோரினை அகற்ற அது போதும். குளோரின் கரியைத் தொட்டவுடன் வேதிமாற்றம் அடைந்துவிடும். பூச்சிமருந்து துளைகளுக்குள் ஊர்ந்து சென்று படிய வேண்டும். அதற்கு அந்த நேரம் போதாமல் போகலாம். குருணைகளுக்கு இடையே நீர் தனக்கென ஒரு வாய்க்காலை வகுத்துக்கொண்டு, கரியைத் தொடாமலே வெளியேறுவதும் உண்டு.

இதற்கு மாற்றாக வந்ததே கரிப்பாளம் எனப்படும் கார்பன் பிளாக். கரியை நுண்பொடியாக்கி, பிணைக்கும் பொருள் சேர்த்து, உருளையாக அழுத்திச் செய்வது. துகள் சிறிதாகையால் மூலக்கூறு கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. நீர் குறுக்கு வழி காண முடியாது. அதே அரை நிமிடத்தில் கூடுதல் வேலை நடக்கிறது. ஆனால் கலங்கல் நீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நீரை உந்தித் தள்ள அழுத்தமும் வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் இருந்து மெல்ல இறங்கும் நீருக்கு இது சரிப்படாது.

அமெரிக்காவில் இந்த வேறுபாட்டைத் தரக் குறியீடுகளே பிரித்துக் காட்டுகின்றன. சுவை, நாற்றம், குளோரின் ஆகியவற்றை மட்டும் நீக்கும் வடிகட்டிக்கு என்.எஸ்.எஃப். 42, உடல்நலத்தைப் பாதிக்கும் பொருள்களை நீக்குவதாகச் சோதித்து உறுதி செய்யப்பட்ட வடிகட்டிக்கு என்.எஸ்.எஃப். 53. இரண்டிலும் இருப்பது கரிதான். வாங்குபவர் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தியாவில் ஆர்.ஓ. கருவிகளுக்குள் இருக்கும் முதல் கரிக் குப்பியின் முதன்மைப் பணி எது என்பதையும் வாடிக்கையாளர் அறிவதில்லை. ஆர்.ஓ. கருவியின் சவ்வு குளோரின் பட்டால் கெட்டுவிடும். அதைத் தடுக்கவே சவ்வுக்கு முன்னால் கரி வைக்கப்படுகிறது. குடிப்பவரைக் காப்பதற்கு முன்பாக அந்தக் கரி காப்பது சவ்வை. கேன் குடிநீர் ஆலைகளிலும் இதே ஏற்பாடுதான். சவ்வு நல்ல நிலையில் இருக்கும்வரை பூச்சிமருந்தில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும் என்பதால் பழுது வெளியே தெரிவதில்லை.

கரி கைவிடும் இடங்கள்: கிளர்வூட்டிய கரியால் ஆகாதவற்றின் பட்டியல் நீளமானது. உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு ஆகிய எதையும் சாதாரணக் கரி நீக்காது. உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் உள்ள ஆர்சனிக்கையோ, தெலங்கானாவின் நளகொண்டாவில் உள்ள ஃபுளோரைடையோ நம்பி ஒப்படைக்கத் தக்க பொருள் அல்ல அது. நளகொண்டாவின் பெயரிலேயே படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை நீக்கும் முறை ஒன்று வழக்கில் உள்ளது. எலும்பைச் சுட்டுச் செய்யும் எலும்புக் கரி ஃபுளோரைடைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பெயரில் கரி இருந்தாலும் அதில் பெரும்பங்கு கால்சியம் பாஸ்பேட்.

தலைநகருக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம் அமோனியா. யமுனையில் ஹரியானா பக்கமிருந்து வரும் கழிவால் வஜீராபாத் தேக்கத்தில் அமோனியாவின் அளவு குளிர்காலந்தோறும் உயர்கிறது. குடிநீரில் அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.5 மில்லி கிராம். ஆற்று நீரில் அது ஏறத்தாழ 1 மில்லி கிராமைத் தாண்டினால் வஜீராபாத், சந்திராவல் ஆலைகளில் உற்பத்தியைக் குறைப்பதோ நிறுத்துவதோ வழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரியில் தில்லி சட்டப்பேரவைத் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்திருந்த வேளையில், யமுனையில் ஹரியானா நஞ்சு கலப்பதாக ஆம் ஆத்மி தலைவர் அரவிந்த் கேஜ்ரிவால் குற்றம் சாட்டினார். தேர்தல் ஆணையம் அவரிடம் விளக்கம் கேட்டது. ஹரியானா முதல்வர் நாயப் சிங் சைனி பல்லா கிராமத்துக்குச் சென்று, யமுனை நீரைக் கையில் அள்ளிப் பருகிக் காட்டினார். மக்கள் பிரதிநிதிகளின் இந்த வடிகட்டி எந்தத் தர நிர்ணயத்திலும் இல்லை.

அமோனியாவைக் கரி ஏறக்குறைய தொடுவதே இல்லை. அமோனியா கலந்த நீரில் குளோரின் சேர்க்கும்போது குளோராமின் உண்டாகிறது. சாதாரணக் கரி குளோரினை நொடியில் நீக்கினாலும் குளோராமினை நீக்க நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். இதற்கென மேற்பரப்பை மாற்றியமைத்த 'கேட்டலிட்டிக்' கரி தனியே தயாரிக்கப்படுகிறது, விலை கூடுதல். நகர ஆலைகளில் மற்றொரு வழியும் உண்டு. கரிப் படுகையில் தீங்கற்ற பாக்டீரியாக்களைக் குடியமர்த்தி, போதிய ஆக்சிஜன் கிடைக்கச் செய்தால், அவை ஓரளவு வரையிலான அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும். பூச்சிமருந்தைக் கரியும் அமோனியாவைப் பாக்டீரியாவும் கவனித்துக்கொள்ளும். ஆனால் குளிர்காலத்தில் இந்தப் பாக்டீரியாக்களின் வேகம் குறையும். தில்லியின் அமோனியாத் தொல்லை உச்சத்தை அடைவதும் குளிர்காலத்தில்தான்.

அதே பாக்டீரியா, வீட்டுக் குப்பியில் வேறு கதை. நகராட்சி நீரில் குளோரின் கலப்பது, ஆலையில் இருந்து வீடு வரையிலும் தொட்டியிலும் கிருமி வளராமல் இருப்பதற்காக. கரி முதலில் நீக்குவது அந்தக் குளோரினைத்தான். கரிமப் பொருள் படிந்த, இருண்ட, ஈரமான கரிப் படுகை கிருமிகளுக்கு ஏற்ற இடம். ஊருக்குச் சென்று ஒரு வாரம் கழித்துத் திரும்பியவர் முதலில் பிடிக்கும் நீரில் கிருமிகள் பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். சில நிமிடங்கள் நீரைத் திறந்துவிட்ட பிறகே குடிக்கப் பிடிக்க வேண்டும். வெள்ளி ஏற்றிய கரி இந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும். ஆனால் நீரில் வரும் கிருமிகளைக் கொல்லும் கருவியாக அதைக் கருத முடியாது. அதனால்தான் கரிக்குப் பின்னால் புற ஊதா விளக்கோ கொதிக்க வைத்தலோ தேவைப்படுகிறது. கரி வடிகட்டியை மட்டும் வாங்கிவிட்டு, 'ஃபில்டர் தண்ணீர்' என்று கைக்குழந்தைக்குக் கொடுப்பவர்களுக்கு விற்பனையாளர் இதைச் சொல்வதில்லை.

தொட்டி எங்கிருந்து வருகிறது?: நாட்டின் தேங்காய்ப் பொருள் ஏற்றுமதியில் கிளர்வூட்டிய கரிக்கு முதன்மையான இடம் உண்டு. கொங்கு வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டி என்றும், பிற இடங்களில் கொட்டாங்குச்சி, சிரட்டை என்றும் அழைக்கப்படும் பொருள், அமெரிக்க, ஐரோப்பிய நீர் ஆலைகளுக்கும் தங்கச் சுரங்கங்களுக்கும் கரியாகச் செல்கிறது. ஏறத்தாழ 3 டன் தொட்டியைச் சுட்டால் ஒரு டன் கரி. அந்தக் கரி 3 டன் சேர்ந்தால் கிளர்வூட்டிய கரி ஒரு டன் என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு.

தொட்டியைச் சுடும் முதல் கட்டப் பணி திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம், தாராபுரம் சுற்றுவட்டாரங்களில் பெருமளவில் நடக்கிறது. குழியில் எரியும் தொட்டியை நீரூற்றி அணைக்கும் பழைய முறையால் தங்கள் கிணற்று நீர் நிறம் மாறிக் கெட்டுவிட்டதாக அங்குள்ள விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிட்டும் போராடியும் வந்திருக்கிறார்கள். எங்கோ ஒரு நகரத்தின் குடிநீரைத் தெளியவைக்கும் கரிக்காக இங்கே ஒரு கிணறு கெடுகிறது. புகையை வெளிவிடாத மூடிய உலைகளில் சுட்டு, அந்த வாயுவையே எரிபொருளாகப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. முதலீடு அதிகம் என்பதால் சிறு உற்பத்தியாளர்கள் தயங்குகிறார்கள்.

பயன்படுத்திய கரியின் கதி என்ன என்பதும் பேசப்பட வேண்டியது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் ஒஹையோ ஆற்று நீருக்காக 1992-ல் குருணைக் கரிப் படுகைகளை அமைத்தபோது, தீர்ந்த கரியை மீண்டும் சூடேற்றிப் புதுப்பிக்கும் உலைகளையும் அதே வளாகத்தில் அமைத்தது. லண்டனில் 1990-களில், மெதுமணல் படுகைகளின் நடுவே கரி அடுக்கை வைத்தார்கள். அங்கும் காரணம் அதே 0.1 மைக்ரோ கிராம்தான். புதுப்பிக்கும்போது ஒவ்வொரு முறையும் கரியில் 5 முதல் 10 சதவீதம் இழப்பாகும். மற்றது மீண்டும் வேலை செய்யும். வீட்டுக் குப்பிக் கரிக்கு இந்த மறுபிறவி இல்லை. பிளாஸ்டிக் கூட்டோடு குப்பைக்குப் போகிறது.

விதிகள் வந்தும்...: தில்லியில் இதுபற்றி எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டது. நீரின் பெரும்பகுதியை ஆர்.ஓ. வீணாக்குகிறது என்பது காரணம். உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். இழுபறிக்குப் பிறகு, சுற்றுச்சூழல் அமைச்சகம் நீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளுக்கான விதிகளை 2023 நவம்பரில் அறிவித்தது. அந்தத் தீர்ப்பாய உத்தரவின் தர்க்கத்தை முழுமையாகப் பின்பற்றினால், உப்பு குறைந்த நீர் கிடைக்கும் வீடுகளில் ஆர்.ஓ. போய், கரியும் புற ஊதா விளக்கும் மட்டுமே மிஞ்சும். சவ்வுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கரி முன்னணிக்கு வர வேண்டியிருக்கும். அப்போது அது எந்தக் கரி என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது.

பாட்டில் குடிநீரைப் பொருத்தவரை, ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற நிலையை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 அக்டோபரில் கைவிட்டது. அடுத்த மாதமே, அதிக ஆபத்துள்ள உணவுப் பொருள்களின் பட்டியலில் பாட்டில் குடிநீரைச் சேர்த்து, ஆண்டுதோறும் மூன்றாம் தரப்புத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. பூச்சிமருந்து அளவு மாறவில்லை.

லிண்டேன் உற்பத்தி இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்டது. பயன்பாடு 2013-ல் நின்றது. எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தடை செய்யப்பட்டவற்றின் இடத்தைப் புதிய மருந்துகள் நிரப்பியுள்ளன. அவற்றுள் சில நீரில் நன்கு கரையக் கூடியவை. நீரில் கரைவது எதுவோ அது கரியில் ஒட்டுவது குறைவு என்பது பொது விதி. டி.டி.டி.யைப் பல்லாயிரம் லிட்டர் வரை தாங்கிய அதே குப்பி, இத்தகைய மருந்தை அதில் ஒரு சிறு பங்கு நீரிலேயே கைவிட்டுவிடக் கூடும். நீரின் நிறமும் சுவையும் அப்போதும் மாறாது. குளோரின் வாடை திரும்பினால் கரி தீர்ந்துவிட்டது என்று அறியலாம் என்பார்கள். ஆனால் வாடை திரும்புவதற்கு நெடுநாள் முன்பே பூச்சிமருந்து கசியத் தொடங்கியிருக்கும். கருவியில் எரியும் பச்சை விளக்கு பெரும்பாலும் நாளையோ லிட்டரையோ எண்ணுகிறதே தவிர, மருந்தை அளப்பதில்லை.

2003-ல் கோலா பாட்டில்களை வெளியேற்றிய உணவகம் இப்போது புதிய கட்டடத்துக்கு அருகே பழைய வளாகமாகிவிட்டது. மாலத்தியானுக்கு குழாய் நீரில் 190 மைக்ரோ கிராம் என்ற வரி, 2012-ம் ஆண்டின் அட்டவணையில் அப்படியே இருக்கிறது.